பிழையே காட்டாத கோப்பு

‘மதுரை’ என்ற சொல்லை அடித்துச் சேமிக்கிறோம். வட்டில் போய் உட்காருவது எது? பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால் நான்கு ஆங்கில எழுத்துகள்: சின்ன கே, பெரிய ஜே, சின்ன ஐ, சின்ன யூ. திஸ்கி முறையில் அடித்திருந்தாலும் நான்கு பைட்டுகள்தாம். ஆனால் நான்குமே 128க்கு மேற்பட்ட எண்கள். கையால் எழுதும் வரிசையிலேயே ஐகாரத்தின் குறி ரகரத்துக்கு முன்னால் நிற்கும். யூனிகோடில், யுடிஎஃப்-8 வடிவில், ஐந்து குறியெண்கள், 15 பைட்டுகள். தமிழாசிரியரைக் கேட்டால் மூன்றெழுத்து என்பார்.

இந்த மூன்று வகைக் கோப்புகளும் தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகையும் சுவரொட்டியும் அடிக்கும் டிடிபி கடைகளின் பழைய வட்டுகளில் முதல் வகையும் அதன் உறவுக்காரர்களும் கிடக்கின்றன. 1990களின் இறுதியில் இணையத்துக்கு வந்த தமிழ் நூல்களில் பல இரண்டாம் வகையில் உருவானவை. இன்றைய கைப்பேசி எழுதுவது மூன்றாம் வகை. யூனிக்ஸ் உலகத்தின் மிகப் பழைய உரைத்திருத்திகளில் ஒன்றான வீஐ-யில் இவற்றைத் திறந்தால் என்ன ஆகும் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. எத்தனையோ மென்பொருள்கள் இருக்க வீஐ எதற்கு என்றால், பழையதோடு ஒத்துப்போவது, எழுதிவைத்த தரநிலைக்குக் கட்டுப்படுவது என்ற இரண்டு கடமைகளையும் அதைப் போல நெடுங்காலம் சுமந்த மென்பொருள் குறைவு. அது எப்படிச் சுமந்தது என்பதற்கு ஆவணங்களும் இருக்கின்றன.

பெர்க்லி பல்கலைக்கழக மாணவராக இருந்த பில் ஜாய் 1976 வாக்கில் எழுதத் தொடங்கியது அது. மிக மெதுவான தொலைபேசி இணைப்பு, ஏடிஎம்-3ஏ என்ற மலிவான முனையம். அந்த முனையத்தின் விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேல்தான் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. அந்த முனையம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இன்று லினக்ஸ் பழகும் மாணவியும் கர்சரை நகர்த்த அதே நான்கு விசைகளைத்தான் மனப்பாடம் செய்கிறாள். உபுண்டு லினக்ஸில் வரும், வீஐ-யைப் பின்பற்றி எழுந்த விம் திருத்தியின் சிறிய பதிப்பு பழைய வீஐ போல நடக்கும் நிலையில் இருக்கும்போது, எழுதிக்கொண்டே அம்புக்குறி விசையை அழுத்தினால் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் வந்து விழும். புதியவர்கள் விசைப்பலகை கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள். கெட்டது ஒன்றுமில்லை, பழையதைப் போல நடப்பதாகக் கொடுத்த வாக்கை அது காப்பாற்றுகிறது, அவ்வளவுதான்.

வீஐ-யின் மூலநிரல் கென் தாம்சனின் ‘எட்’ திருத்தியிலிருந்து வளர்ந்தது. எட்-டின் உரிமை ஏடி அண்ட் டி நிறுவனத்திடம் இருந்தது. பெர்க்லியின் யூனிக்ஸைக் கட்டுப்பாடின்றி வெளியிட வேண்டுமானால் வீஐ-யைப் புதிதாக எழுதியாக வேண்டும். அந்த வேலையைக் கீத் பாஸ்டிக் எடுத்துக்கொண்டார். அவருடைய என்வீஐ, 4.4 பிஎஸ்டி என்ற பெர்க்லி யூனிக்ஸோடு வெளிவந்தது. பிழைக்குப் பிழை மூலத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது அதன் குறிக்கோள். கேட்டால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் பதினைந்து ஆண்டுகளாக விரல்கள் பழகிவிட்ட பயனருக்குப் பிழை எது, இயல்பு எது? 1992-இல் யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரநிலை வீஐ-யை விவரித்தபோது அதன் ஆசிரியர்களும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த திருத்தி எப்படி நடந்ததோ அதை இலக்கணமாக எழுதிவைத்தார்கள்.

செய்ததைத் திரும்பப்பெறும் ‘யூ’ கட்டளையை எடுத்துக்கொள்ளலாம். பழைய வீஐ-யில் ஒருமுறை யூ அழுத்தினால் கடைசி மாற்றம் விலகும். மறுபடி அழுத்தினால் விலகியது திரும்பி வரும். இப்படி ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கு முந்தைய மாற்றத்துக்குப் போக வழியில்லை. தரநிலையும் அப்படியே எழுதிவிட்டது. பிறகு நினைவகம் மலிந்தது, பல படிகள் பின்னால் போகும் வசதி வேண்டும் என்றார்கள். பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்ட விம், யூ விசைக்கே புதுப் பொருள் கொடுத்தது: அழுத்த அழுத்தப் பின்னால் போகும். பழைய நடத்தை வேண்டுவோருக்கு ஓர் அமைப்பில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும். பழைய பழக்கம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தென நீளும் அந்தப் பட்டியலுக்கு ‘சிபிஆப்ஷன்ஸ்’ என்று பெயர். பாஸ்டிக் வேறு வழி கண்டார். யூ பழையபடியே ஆடும். யூ அழுத்தியவுடன், முந்தைய கட்டளையைத் திரும்பச் செய்யும் புள்ளி விசையை அழுத்தினால் அதே திசையில் மேலும் ஒரு படி போகும். பழைய விசை ஒன்றுகூடப் பொருள் மாறவில்லை. புதியது, யாரும் குடியிராத மூலையில் வீடு கட்டிக்கொண்டது. உலகம் விம்-மையே ஏற்றது. ஆனாலும் இரண்டில் அழகான தீர்வு பாஸ்டிக்குடையது என்பது என் கட்சி.

இனித் தமிழுக்கு வருவோம். பழைய வீஐ-க்கு எழுத்தென்றால் ஆஸ்கி, அதாவது ஏழு பிட்டுக்குள் அடங்கும் 128 குறிகள். பைட்டில் மீந்திருந்த எட்டாவது பிட்டை அது தன் உள்வேலைகளுக்கு எடுத்துக்கொண்டது. திஸ்கியோ ஆங்கிலத்தைக் கீழ்ப்பாதியில் அப்படியே விட்டுவிட்டு, தமிழை முழுக்க மேல்பாதியில், அதாவது எட்டாவது பிட் எரியும் இடத்தில் குடியமர்த்தியது. அந்தக் காலத்து வீஐ-யில் திஸ்கிக் கோப்பைத் திறந்தால் தமிழ் பிழைக்காது. பாமினி பிழைக்கும். ஏனென்றால் பாமினிக் கோப்பில் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் வரைந்த எழுத்துரு அது. கோப்பு சுத்தமான ஆஸ்கி.

வேடிக்கை இங்கேதான் ஆரம்பம். வீஐ-யில் அலைக்குறி விசையை அழுத்தினால் கர்சர் நிற்கும் எழுத்து சிறியதிலிருந்து பெரியதாகவும், பெரியதிலிருந்து சிறியதாகவும் மாறும். தரநிலை சொல்வதும் அதுவே. பாமினியின் ‘மதுரை’ மேல் அதை நான்கு தடவை அழுத்திப் பாருங்கள். சின்ன கே பெரிய கே ஆகும். ம என்பது மு ஆகிவிடும். பெரிய ஜே சிறுத்து, து என்பது த ஆகும். ஐகாரக் குறி, ஐ என்ற உயிரெழுத்தாகும். ர என்பது ரு ஆகும். மதுரை ‘முதஐரு’ ஆகிவிட்டது. திருத்தி எந்த விதியையும் மீறவில்லை, கோப்பிலும் தவறான பைட் ஒன்றுமில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேற்றுமையே இல்லாத மொழியின் மேல் அந்த வேற்றுமை வந்து விழுந்திருக்கிறது. வேறுபாடு பாராமல் தேடு என்று கட்டளையிட்டால் ம-வைத் தேடுகிறவருக்கு மு-வும் கிடைக்கும். புள்ளி பாமினியில் அரைப்புள்ளி விசையில் இருப்பதால், சொல் சொல்லாகத் தாவும் கட்டளைக்குத் ‘தமிழ்’ என்பது ஒரு சொல்லும் ஒரு நிறுத்தக்குறியும். தாவும்போது ழகரத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவே ஒரு தடவை நிற்கும்.

இதற்கெல்லாம் முடிவுகட்டியதாகச் சொல்லப்படும் யுடிஎஃப்-8, எட் எழுதிய அதே கென் தாம்சனின் கையிலிருந்து வந்தது. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் அவரும் ராப் பைக்கும் அதை வடிவமைத்தார்கள். ஆஸ்கியில் எழுதிய கோப்பு எதுவும் ஒரு பைட்கூட மாறாமல் செல்லுபடியாக வேண்டும் என்ற நிபந்தனையே அதன் உயிர். அதற்கான விலையை ஆஸ்கிக்கு வெளியே இருக்கும் மொழிகள் கொடுத்தன. தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட். போசிக்ஸ் தரநிலை, உரைக்கோப்பின் ஒரு வரி குறைந்தது 2,048 பைட் வரை போகலாம் என்கிறது. அதற்குமேல் கையாளக் கருவிகள் கடமைப்பட்டவை அல்ல. ஆங்கிலத்தில் அது நீண்ட பத்தி. தமிழில் 682 குறியெண்ணுக்கு மேல் கொள்ளாது. உயிர்மெய்களுக்குப் பெரும்பாலும் இரண்டு குறியெண் ஆவதால் நானூற்றைம்பது எழுத்தைத் தாண்டுவதே கடினம். வெண்பாவுக்கு இது தாராளம். வெண்பாவுக்கு உரையெழுதிய ஆசிரியர் ஒரே மூச்சில் ஓட்டிய பத்தியை வரி முறிக்காமல் அடித்தால் தரநிலையின் உத்தரவாதம் பாதியிலேயே தீர்ந்துவிடும். இன்றைய திருத்திகள் இதைவிட மிக நீண்ட வரியையும் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அது அவை தாமாகக் கொடுப்பது, தரநிலை கேட்டு வாங்கித் தந்ததல்ல.

அடுத்தது ‘எக்ஸ்’ விசை: கர்சர் நிற்கும் எழுத்தை அழி. ரை மேல் நிற்கிறோம். அழிய வேண்டியது ரை முழுவதுமா, ஐகாரக் குறி மட்டுமா? விம் பொதுவாக முழு உயிர்மெய்யையும் அழிக்கும். ‘டெல்கம்பைன்’ என்ற அமைப்பை இட்டால் ஒட்டிய குறியை மட்டும் எடுத்து ர-வை மிச்சம் வைக்கும். தட்டச்சில் பழகியவருக்கு இரண்டாவது பிடிக்கும், இலக்கணம் படித்தவருக்கு முதலாவது. ஒரு தாய் எழுத்தின் மேல் ஒட்டும் குறிகள் எத்தனையைத் திரையில் காட்டுவது என்பதற்கும் ஓர் அமைப்பு உண்டு. கைவைக்காமல் விட்டால் இரண்டு. தமிழுக்கு அது போதும். ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே அடித்த ‘கொ’வுக்கும் இரண்டுதான் தேவை. க்ஷ மட்டும் ஏமாற்றும். நாம் ஓரெழுத்தாகப் பார்ப்பதை அது க், ஷ என்று இரண்டாக வெட்டும்.

யூனிகோடு அட்டவணையே பழையதோடு ஒத்துப்போகும் கடமையின் தழும்புகள் நிறைந்தது. தமிழுக்கான பகுதி 1988-இன் இஸ்கி அட்டவணையைப் பின்பற்றி அமைந்தது. இஸ்கி இந்திய மொழிகளை ஒரே அச்சில் வார்த்தது. அதனால்தான் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே, வடமொழி வர்க்க எழுத்துகள் உட்கார வேண்டிய இடங்கள் தமிழில் காலியாகக் கிடக்கின்றன. ஆய்தத்துக்கு அட்டவணையில் அதிகாரபூர்வப் பெயர் விசர்கக் குறி. தவறு என்று எல்லாருக்கும் தெரியும்; பக்கத்தில் ஆய்தம் என்று குறிப்பும் போட்டிருக்கிறார்கள். பெயரை மட்டும் மாற்ற மாட்டார்கள், ஒரு தடவை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது விதி. எண்ணையும் இடம் மாற்றுவதில்லை. அந்த உறுதியும் அடிபட்டு வந்தது. 1996-இல் வந்த இரண்டாம் பதிப்பில் கொரிய எழுத்துகளை மொத்தமாக வேறிடத்துக்குப் பெயர்த்து, 11,172 அசைகளுக்கும் தனித்தனி எண் கொடுத்தார்கள். பழைய கொரியக் கோப்புகள் ஒரே நாளில் பொருளிழந்தன. அதற்குப் பிறகு இனி இப்படி நடக்காது என்று சத்தியம் செய்தார்கள்.

கொரியருக்குக் கிடைத்தது நமக்கு ஏன் இல்லை என்ற கேள்வியிலிருந்துதான் டேஸ்-16 என்ற தமிழ்க் குறியேற்றம் பிறந்தது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஓரெண் உண்டு. கூட்டல் கழித்தலிலேயே மெய்யும் உயிரும் பிரியும், அகரவரிசை தானாக அமையும். 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி வெளிவந்த அரசாணை யூனிகோடைத் தரநிலையாகவும் டேஸ்-16-ஐ மாற்று ஏற்பாடாகவும் அறிவித்தது. அறிவியலாகப் பார்த்தால் டேஸ்-16 வடிவமைத்தவர்களின் வாதம் வலுவானது, அதை மொழிவெறி என்று தள்ளுவது அநியாயம். ஆனால் அது குடியேறிய இடம் யூனிகோடின் தனிப்பயன்பாட்டுப் பகுதி. அங்கே யார் வேண்டுமானாலும் எந்த எண்ணுக்கும் எந்தப் பொருளும் கொடுத்துக்கொள்ளலாம். கோப்பைத் திறக்கும் திருத்திக்கு இது தமிழா, வேறொரு நிறுவனத்தின் சின்னமா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. எனக்கு உறுத்துவது அதன் இலக்கணம் அல்ல, இந்த மௌனம்.

குறி அப்படியே இருக்க, பொருள் மட்டும் சத்தமில்லாமல் மாறிவிடுவது என்ற இந்த நோய் கணினியோடு வந்ததன்று. மதுரை மண்டலத்திலேயே இதற்குப் பழைய வரலாறு உண்டு. 1606-இல் ராபர்ட் தெ நோபிலி தொடங்கிய மதுரை மிஷனுக்கு, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்த இத்தாலியத் துறவி கான்ஸ்டான்டின் ஜோசப் பெஸ்கி, நமக்கு வீரமாமுனிவர். பழைய இலக்கணத்தின்படி எகரமும் ஒகரமும் குறிலாக இருந்தால் புள்ளி பெறும், நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் எழுதியவர்களோ புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஆக ஓலையில் புள்ளியில்லாத கொம்பைப் பார்த்தால் அது நெடிலாகவும் இருக்கலாம், புள்ளி விடுபட்ட குறிலாகவும் இருக்கலாம். வீரமாமுனிவர் இதைத் தலைகீழாக்கினார். அடையாளம் நெடிலுக்கு: ஏகாரத்துக்குக் காலில் ஓர் இழுப்பு, ஓகாரத்துக்கு ஒரு சுழி, கொம்புக்கு மேலே ஒரு சுழிப்பு. அடையாளமில்லாதது குறில்.

நல்ல சீர்திருத்தம், இன்று நாம் எழுதுவது அவர் வழியில்தான். ஆனால் பழைய ஏட்டைப் புதிய விதியால் படிக்கிறவருக்குப் பொறி காத்திருக்கிறது. ‘செறு’ என்றால் வயல், ‘சேறு’ என்றால் சேறு. வையைக் கரை நெல்வயலைப் பாடும் வரியில் இரண்டும் பொருந்தும். பழைய விதிப்படி ஏட்டிலிருப்பது சேறு. புதிய கண்ணுக்கு அது செறு. எழுதியவர் புள்ளியை விட்டிருந்தால் உண்மையிலேயே செறு. காப்பாற்றியது யாப்பு. செறு நிரையசை, சேறு நேர்நேர். தளை எங்கே தட்டுகிறது என்று பார்த்துத்தான் பதிப்பாசிரியர் முடிவுசெய்ய முடியும். உரைநடை ஏட்டுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

வீரமாமுனிவர் செய்ததோடு 1978 அக்டோபர் அரசாணையை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். எம்.ஜி.ஆர். அரசு ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் பழைய வடிவங்களை விலக்கிப் புதியவற்றை அறிவித்தது. பெரியார் 1935 முதலே குடி அரசில் கையாண்ட வடிவங்கள் அவை. தும்பிக்கை வைத்த பழைய லையைக் கண்டால் இன்றைய குழந்தை படிக்கத் திணறும். ஆனால் அதை வேறோர் எழுத்தாகத் தவறிப் படிக்காது. உருவம் மாறியது, பழைய உருவம் எதற்கும் புதுப் பொருள் ஏறவில்லை. அதனால்தான் யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் ஒரே எண்கள் போதுமாக இருக்கின்றன. எந்தத் தும்பிக்கையைக் காட்டுவது என்பது எழுத்துருவின் பாடு.

நான்காம் தமிழ்ச்சங்கத்தை 1901-இல் மதுரையில் நிறுவிய பாண்டித்துரைத் தேவரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. எதுகை சரியில்லை என்று குறளைத் ‘திருத்தி’ அச்சிட்ட ஸ்காட் என்ற ஆங்கிலேயரின் படிகளை அவர் விலைக்கு வாங்கி அழித்தாராம். நடந்தது எப்படியோ, திருத்தியின் வேலை உள்ளதைத் தொடாமல் இருப்பதும்தான் என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது.

சங்கம் வளர்த்த ஊரின் பெயரைத் தாங்கிய மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டார்கள். அவர்கள் காலத்திலேயே தரநிலை காலடியில் நகர்ந்தது. 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களை அறிவித்தது. திட்டத்தின் நூல்களோ திஸ்கியில் குவிந்திருந்தன, பிறகு யூனிகோடுக்குப் பெயர்ந்தன. பெயர்க்கும்போது திஸ்கியில் முன்னால் நிற்கும் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ள வேண்டும். ஔகாரத்தின் வலப்பக்கக் குறியையும் ளகரத்தையும் பிரித்தறிய வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. யூனிகோடிலேயே ‘கௌ’ என்பதைக் கெ, ள என்று அடித்தவர்கள் ஏராளம், தேடினால் கிடைக்காது. ஸ்ரீ-க்கும் அதே கதி. 2005-இல் ஶ என்ற எழுத்து அட்டவணையில் சேர்ந்ததிலிருந்து அதை இரண்டு விதமாக எழுத முடியும். திரையில் வேறுபாடு தெரியாது.

இப்போது முதல் கேள்விக்கு விடை சொல்லலாம். இன்றைய விம் ஒரு கோப்பைத் திறக்கும்போது முதலில் யுடிஎஃப்-8-ஆக வாசிக்க முயலும். யுடிஎஃப்-8-இன் பைட் அமைப்பு கண்டிப்பானது. திஸ்கிக் கோப்பு அதற்குள் அடங்காமல் ஓரிரு சொல்லுக்குள் உடைந்துவிடும். உடனே விம் லத்தீன்-1-க்கு இறங்கும். திரை அலங்கோலமாகும், தமிழ் இருந்த இடத்தில் மேலைநாட்டு எழுத்துகள் மண்டும். ஆனால் எதையும் தொடாமல் சேமித்தால் ஒரு பைட்கூட மாறாது. தப்பு நடந்திருக்கிறது என்று கத்திச் சொல்லவும் செய்கிறது, பொருளைப் பத்திரமாக வைத்திருக்கவும் செய்கிறது. லினக்ஸின் குனூ சி நூலகம் திஸ்கியை அறியும். குறியேற்றத்தைத் திஸ்கி என்று சொல்லித் திறந்தால் கொம்புகள் இடம் மாறித் தமிழ் வந்துவிடும், அப்படியே யுடிஎஃப்-8-இல் சேமித்துக்கொள்ளலாம். திஸ்கியில் தட்டச்சு செய்வதற்கான விசைவரைபடக் கோப்பு ஒன்றும் விம்-மோடு வருகிறது. அதைப் பயன்படுத்துவோர் இனி யாரும் இருக்க வேண்டியதில்லை, எடுத்துவிட்டால் மிச்சமாவது சில கிலோபைட். எடுக்காமல் இருப்பதே சரி.

பாமினிக் கோப்பைத் திறந்தால் ஒன்றும் நடக்காது. அது செல்லுபடியான ஆஸ்கி, ஆகவே செல்லுபடியான யுடிஎஃப்-8. 1976-இன் வீஐ முதல் இன்றைய விம் வரை எந்தத் திருத்தியும் அதைக் குறை சொல்லாது. எல்லாத் தரநிலைக்கும் முழுக்கக் கட்டுப்பட்ட கோப்பு அதுதான், எதைப் பற்றியும் எச்சரிக்காத கோப்பும் அதுதான். எழுத்துரு எது என்ற செய்தி சொற்செயலியின் ஆவணத்தில் இருந்தது. வெற்று உரையாகச் சேமித்த அன்றே அது போயிற்று. பாமினியை யூனிகோடாக்கும் கருவிகள் நிறைய உண்டு, வேலையும் நன்றாகவே செய்கின்றன. ஆனால் திருமண அழைப்பிதழின் அடியில் அச்சகத்தின் மின்னஞ்சல் முகவரி ஆங்கிலத்தில் இருந்தால் கருவி அதையும் தமிழாக்கிவிடும். எந்த வரி தமிழ், எந்த வரி ஆங்கிலம் என்று கோப்பில் எங்கும் எழுதியில்லை. ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துப் பிரிக்க வேண்டும், அதுவரை மூலக்கோப்பையும் அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.